கேள்விக்கு ஒரு மேசை: கிளை நூலக வாசகர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், பொது நூலகத் துறைக்கும், மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்கும், நூலக வரி வசூலிக்கும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி மன்றங்களுக்கும் கிளை நூலக வாசகர்களாகிய நாங்கள் முன்வைப்பது:

காலையில் கதவு திறக்கும் முன்பே நாளிதழுக்காக வாசலில் நிற்கும் பெரியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளி விட்டதும் முதுகுப் பையோடு ஓடி வருகிற பிள்ளைகள், சமையலை முடித்துவிட்டு மதியம் வார இதழ் புரட்ட வருகிற பெண்கள், மழை பெய்து வேலை இல்லாத நாளில் வந்து உட்காருகிற கொத்தனார்கள் எல்லாரும் இருக்கிறார்கள். சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஓர் இனம் அதில் இருக்கும். வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வாடகை வீட்டில் குடியிருப்பவரும் வாடகையோடு சேர்த்து அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பத்துப் பைசாவின் உரிமையில்தான் பேசுகிறோம்.

கேட்பது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதற்குத் துணை. ஒவ்வொரு நூலகத்திலும் கேள்வி கேட்க ஒரு மேசை வேண்டும். கேட்டவருக்குச் சரிபார்த்த பதில் கிடைக்க வேண்டும். அந்தப் பதில் எந்த நூலில், எந்த ஆண்டுப் பதிப்பில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த எண்ணம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஒரு மாலை, எங்கள் நூலகத்தில் தேர்வுக்குப் படிக்கும் மூன்று பேருக்குள் வாக்குவாதம். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியது எந்த ஆண்டு? ஒருவர் கையிலிருந்த கைடில் 1967. இன்னொன்றில் 1968. மூன்றாவதில் 1969. மூவரும் கைப்பேசியில் தேடினார்கள். அவரவர் சொன்னதற்கு ஏற்ற பதில் அவரவருக்குக் கிடைத்தது. சத்தம் கேட்டு நூலகர் எழுந்து வந்தார். கைடுகளை வாங்கிப் பார்த்தார். எதிலும் ஆதாரம் இல்லை. மாவட்ட மைய நூலகத்தில் இருக்கும் தன் நண்பருக்குத் தன் கைப்பேசியிலிருந்தே பேசினார். மறுநாள் பழைய உறுப்பினர் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி வைத்திருந்தார்: 18.7.1967, சட்டமன்றத்தில் தீர்மானம். 1968, பெயர் மாற்றத்துக்கு நாடாளுமன்றச் சட்டம். 14.1.1969, நடைமுறைக்கு வந்த நாள்.

மூன்று ஆண்டுமே உண்மை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை. அந்த மூன்று பிள்ளைகளும் அன்று கற்றது ஓர் ஆண்டை மட்டுமல்ல, கேள்வியையே எப்படிக் கூர்மையாக்குவது என்பதையும்தான். ஆனால் அது நடந்தது ஒரு நூலகரின் நல்ல மனத்தால், அவருடைய சொந்தக் கைப்பேசியில், அவருக்கு ஒரு நண்பர் இருந்ததால். அவருக்கு மாற்றல் வந்தால் அந்த மேசையும் அவரோடு போய்விடும். தனி ஒருவரின் நல்ல மனத்தை நம்பி நடப்பதை ஊருக்குப் பொதுவான ஏற்பாடாக ஆக்கித் தாருங்கள் என்பதே இந்தச் சாசனம்.

மேசையும் ஆளும்

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது நம் மாநிலம், ஆண்டு 1948. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கினார். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது அவற்றில் நான்காவது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகம் போனது. இன்று நான்காயிரத்துக்கு மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. ஆனால் கிளை நூலகத்துக்குள் நுழைந்து, “இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்” என்று சொல்கிறவரிடம், “அந்த அலமாரியில் பாருங்கள்” என்று கைகாட்டுவதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடுகிறது.

நூலகரைக் குறை சொல்ல மாட்டோம். பூட்டைத் திறப்பவர் அவர். பெருக்குபவர், நாளிதழை அடுக்குபவர், இரவல் பதிவேடு எழுதுபவர், சந்தா வசூலிப்பவர், மாதக் கூட்டத்துக்குப் போகிறவர் எல்லாம் அவர் ஒருவரே. அவர் கூட்டத்துக்குப் போன அன்று கதவில் பூட்டுத் தொங்கும். ஆகவே:

கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் இரண்டாவதாக ஓர் ஆள் வேண்டும். நாளில் இரண்டு மணி நேரமாவது நூலகர் கேள்வி மேசையில் மட்டும் உட்கார வேண்டும். அந்த நேரம் வாசலில் எழுதியிருக்க வேண்டும்.

கேள்விப் பதிவேடு ஒன்று திறக்க வேண்டும். தேதி, கேள்வி, தேடிய நூல்கள், கிடைத்த பதில், ஆதாரம். கேட்டவர் பெயரை எழுதக் கூடாது. நோயைப் பற்றியும், சாதிச் சான்றிதழைப் பற்றியும், கணவன் அடித்தால் எங்கே போவது என்பதைப் பற்றியும் கேட்க வருகிறவர் பெயருக்குப் பயந்து திரும்பிப் போகக் கூடாது.

இங்கே கிடைக்காத பதிலை மாவட்ட மைய நூலகம் தேடித் தர வேண்டும். அங்கும் இல்லையென்றால் சென்னை கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றுக்குக் கேள்வி போக வேண்டும். பதில் வந்து சேர ஏழு வேலை நாள் கெடு. தேடியும் கிடைக்கவில்லையென்றால், எங்கெங்கே தேடினோம் என்று எழுதித் தர வேண்டும். “உறுதியாகத் தெரியவில்லை” என்று பொறுப்போடு எழுதிய துண்டுச்சீட்டை நாங்கள் மதிப்போம். தெரிந்ததுபோல் சொல்லப்பட்ட பதில்களால்தான் நாங்கள் நிறையப் பட்டிருக்கிறோம்.

ஊர்ப்புற நூலகங்களில் குறைந்த ஊதியத்தில் ஆண்டுக்கணக்காக உழைக்கிறவர்களுக்கு நிலையான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் வேண்டும். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் போய், எங்களுக்கு நம்பகமான தகவல் தேடித் தாருங்கள் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அலமாரியில் இருப்பதெல்லாம் நம்பத்தக்கதா?

இந்தப் பகுதியைச் சொந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன், வாசகர்கள் அனுமதித்திருக்கிறார்கள்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஒரு கீரைப்பொடியை நாற்பத்தெட்டு நாள் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் சண்டை போட்டேன். அவர் ஒரு நாள் வெற்றியோடு ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அட்டையில் நூலக முத்திரை. உள்ளேயும் அதே கீரைப்பொடி, அதே நாற்பத்தெட்டு நாள். “அரசாங்க நூலகத்திலேயே இருக்குப்பா, பொய்யா இருக்குமா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கால் விரலில் புண் வந்து ஆறாமல், மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்த பிறகுதான் மீண்டும் மாத்திரைக்கு வந்தார்.

அந்தப் புத்தகத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் பதிப்பு விவரம் இருக்குமே, அந்தப் பக்கம். எழுதியவர் யார், என்ன படித்தவர் என்று ஒரு வரி இல்லை. முதல் பதிப்புக்கு ஆண்டு இல்லை. மறு அச்சுக்கு மட்டும் ஆண்டு இருந்தது. கடைசியில் துணைநூல் பட்டியல் இல்லை. சொன்னது எதற்கும் ஆதாரம் இல்லை. இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எனக்கும்தான்.

நூலக முத்திரையை மக்கள் அரசாங்க முத்திரையாகவே பார்க்கிறார்கள். அந்த நம்பிக்கை பெரிய சொத்து, அதைக் காப்பாற்றுங்கள். மருத்துவம், சட்டம், வேளாண்மை ஆகிய மூன்று துறைகளிலும் நூல் வாங்குமுன் அந்தத் துறை அறிந்தவர்கள் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் தந்தவர்கள் யார் என்பதையும் வெளியிட வேண்டும். கதைக்கும் கவிதைக்கும் இந்தக் கட்டுப்பாடு கூடவே கூடாது. அங்கே யாரும் வடிகட்ட வேண்டாம். கருத்து நூல்களிலும் எல்லாத் தரப்பும் இருக்கட்டும். மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற நூலும், திருத்தம் வந்துவிட்ட சட்டத்தைப் பழைய வடிவிலேயே அச்சிட்டு விற்கிற நூலும் மட்டுமே எங்கள் கவலை.

பழைய நூல்களை எடுத்து எறியுங்கள் என்றும் கேட்கவில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் இன்றும் பல நூலகங்களில் இருக்கின்றன. முதல் தொகுதி 1954இல் வந்தது, கடைசித் தொகுதி 1968இல். மனிதன் நிலவில் இறங்கியது 1969இல் என்பதால் அந்தச் செய்தி அதில் இருக்க வழியில்லை. அது அந்த மாபெரும் உழைப்பின் குறையாகாது. அதன் காலம் அது. அந்த வரிசைக்கு மேலே ஓர் அட்டையில், “இது 1954 முதல் 1968 வரையிலான அறிவு. பிந்தையவற்றுக்கு இன்னின்ன நூலைப் பாருங்கள்” என்று எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்? குறிப்புதவி நூல்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் அட்டை வேண்டும். பத்தாண்டு கடந்த மருத்துவ, சட்ட நூல்களின் முதல் பக்கத்தில் ‘பழைய பதிப்பு’ என்று முத்திரை குத்த வேண்டும்.

எங்கள் மாவட்டம், எங்கள் அலமாரி

எங்கள் ஊரைப் பற்றிய நம்பகமான தகவல் எங்கள் ஊரில்தான் கிடைப்பதில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘எங்கள் ஊர் வரலாறு’ எழுத வேண்டுமென்று வருகிறாள். இணையத்தில் யாரோ எழுதியதைப் பார்த்து, எங்கள் கோயில் மூவாயிரம் ஆண்டுப் பழமை என்று எழுதிக்கொண்டு போகிறாள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற வரிசை 1890 முதல் அச்சாகி வருகிறது. மாநிலத் தொல்லியல் துறையும் கல்வெட்டுத் தொகுதிகளை வெளியிட்டிருக்கிறது. அந்தக் கோயில் சுவரில் யார் காலத்தில் எந்த நிலத்தை விளக்கெரிக்கக் கொடுத்தார்கள் என்பதுகூட அவற்றில் இருக்கலாம். அது மூவாயிரம் ஆண்டுக் கதையைவிட அந்தப் பிள்ளைக்குச் சுவையாக இருக்கும். தன் தெருவின் பெயரைக் கல்வெட்டு வாசகத்தில் பார்க்கிற பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு கிளை நூலகத்திலும் மாவட்ட அலமாரி ஒன்று வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: ஊர்வாரியாக மக்கள்தொகை, எழுத்தறிவு, வசதிகள் எல்லாம் தரும் 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு, பருவமும் பயிரும் பற்றிய அரசின் ஆண்டறிக்கை, அந்த மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகள், மாவட்ட அரசிதழ், ஆங்கில ஆட்சிக்கால விவரச்சுவடிகளின் படி. மதுரைக்கு நெல்சன் எழுதியது 1868இல், தஞ்சைக்கு ஹெமிங்வே எழுதியது 1906இல், திருநெல்வேலிக்குப் பேட் எழுதியது 1917இல். இவை வரி வாங்க வந்த ஆட்சியின் கண்ணால் எழுதப்பட்டவை. சாதிகளைப் பற்றி அவற்றில் வரும் பல வாக்கியங்கள் இன்று படித்தால் மனத்தைக் குத்தும். ஏரிகளையும் மதகுகளையும் விளைச்சலையும் பற்றி அவை தரும் விவரத்தை அதற்காக விட்டுவிட முடியாது. எதை எடுப்பது, எதைச் சந்தேகிப்பது என்று பழகுவதற்கும் நூலகம்தானே இடம்?

விவசாயிகளுக்காக ஒரு வார்த்தை. பூச்சிமருந்தின் அளவைக் கடைக்காரர் சொல்லித்தான் பலரும் தெரிந்துகொள்கிறார்கள். விற்பவரே அளவும் சொன்னால் அளவு கூடத்தான் செய்யும். வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் வெளியிடும் சாகுபடிக் கையேடுகளின் புதிய பதிப்பு ஒவ்வோர் ஊர்ப்புற நூலகத்துக்கும் விதைப்புக்கு முன்னால் வந்து சேர வேண்டும். அறுவடைக்குப் பிறகு வந்தால் யாருக்கும் பயனில்லை.

கன்னிமாராவின் கதவு எங்கள் ஊரிலும் திறக்க வேண்டும்

1896இல் எழும்பூரில் திறந்த கன்னிமாரா, நாட்டின் நான்கு வைப்பு நூலகங்களில் ஒன்று. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் பதிப்பாளர் செலவிலேயே அங்கு வந்து சேர வேண்டும். அப்படியானால் நாங்கள் தேடும் பக்கம் அங்கே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதைப் பார்க்கச் சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர் இரவு முழுவதும் பயணம் செய்து, அறை எடுத்துத் தங்க வேண்டும். கிளை நூலகத்தில் படிவம் எழுதிக் கொடுத்தால், பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் பக்கங்களின் படி எங்கள் ஊருக்கு வர வேண்டும். மாநில நூலகங்கள் அனைத்துக்கும் ஒரே நூற்பட்டியல் வேண்டும். எந்த நூல் எந்த ஊரில் இருக்கிறது என்று எங்கள் மேசையிலிருந்தே பார்க்க வேண்டும்.

இணையமும் நூலகத்தின் வேலைதான்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. எங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கணினி இருக்கும் நூலகங்களிலும் அதைத் திறந்து காட்ட நேரமில்லை.

இப்போது புதிதாக ஒன்றைக் காண்கிறோம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு, அது கொடுத்த நூற்பட்டியலை எழுதிக்கொண்டு மாணவர்கள் வருகிறார்கள். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் இருக்கும். அப்படி ஒரு நூல் இருக்காது. தேடித் தேடிச் சோர்ந்து, நூலகத்தில் எதுவுமே இல்லை என்று பிள்ளை திரும்பிப் போகிறது. ஒரு நூல் உண்மையில் இருக்கிறதா என்று நூற்பட்டியலில் பார்ப்பது எப்படி, ஒரு படம் எப்போது எடுத்தது என்று தேடுவது எப்படி, ஒரு செய்தியை முதலில் யார் வெளியிட்டார்கள் என்று பின்னோக்கிப் போவது எப்படி என்று மாதம் ஒரு ஞாயிறு வகுப்பு நடத்துங்கள். வாசகர் வட்டங்கள் இடமும் ஆளும் ஏற்பாடு செய்யும்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்துக் கொன்றார்கள். கைப்பேசியில் பரவிய வதந்திதான் காரணம். அன்று ஒரு நூலகம் அந்தக் கைகளைப் பிடித்துத் தடுத்திருக்கும் என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. “இது உண்மையா?” என்று கேட்க ஊருக்குள் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம். அரசு 2023இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அது அரசு சார்ந்த செய்திகளைப் பார்க்கும். அரசு சொல்வதையும் சேர்த்துச் சரிபார்க்க, எந்தப் பக்கமும் சாயாத நூலக மேசை தேவை.

இடமும் கணக்கும்

ஒரு தகவலைச் சரிபார்க்க இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். கழிப்பறை இல்லாத நூலகத்தில் பெண்கள் எப்படி உட்காருவார்கள்? பெண் வாசகர் குறைவு என்று அறிக்கை எழுதுமுன் கழிப்பறை கட்டித் தாருங்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும். பார்வையற்றவர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளோடு ஒரு கணினியாவது வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரத்தில் இரண்டு நாளாவது இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்க வேண்டும்.

நூலக வரியாக உள்ளாட்சிகள் வசூலித்தது எவ்வளவு, ஆணைக்குழுவிடம் கட்டியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மக்கள் கேட்காமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. பொதுமக்களுக்கென நூலகமோ படிப்பகமோ இருந்தால் அதன் வேலை நேரமும் அந்தப் பட்டியலில் உண்டு. தகவல் பெறும் உரிமையை எழுதியவர்களே நூலகத்தை நினைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவின்படி ஒவ்வோர் அரசு அலுவலகமும் வெளியிடும் கையேடுகளின் ஒரு படி கிளை நூலகத்துக்கும் வர வேண்டும்.

எங்கள் பங்கு

வாங்கிக்கொண்டு மட்டும் போகிறவர்கள் அல்லர் நாங்கள். புரவலராகச் சேர்ந்திருக்கிறோம், இன்னும் ஆள் சேர்ப்போம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் வாரம் ஒரு நாள் கேள்வி மேசைக்குத் துணையாக உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். குறிப்புதவி நூலின் பக்கத்தைக் கிழிப்பவர் எங்களில் ஒருவராக இருந்தாலும் விட மாட்டோம். கிழிந்த பக்கம் அடுத்து வருகிறவருக்குக் கிடைக்காமல் போன பதில். எந்தச் செய்தியையும், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்ப மாட்டோம் என்று இந்தச் சாசனத்தில் கையெழுத்திடுகிற ஒவ்வொருவரும் உறுதி கூறுகிறோம்.

வரும் நிதியாண்டில் மாவட்டத்துக்கு ஒரு நூலகத்திலாவது மேசையைப் போட்டுத் தொடங்குங்கள். கேள்விகள் தயாராக இருக்கின்றன. வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தோம். பத்து நாளில் பன்னிரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. அவற்றில் சில:

எங்கள் ஊர்க் கண்மாயின் பரப்பு பழைய பதிவில் எவ்வளவு, இப்போது எவ்வளவு?

தாய்ப்பால் குறைந்தால் என்ன செய்வது? சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். மகளுக்குப் பங்கு உண்டா? எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

தென்னையில் வெள்ளை ஈ. மருந்து அடிக்காமல் வழி இருக்கிறதா?

தாத்தா 1964இல் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தாராம். அந்தக் கப்பலின் பெயர் எங்கே கிடைக்கும்?